போனை லாக்கரில் வைத்துவிடு அம்மா

தண்ணீர் பார்க்குக்குப் போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது துணி. பருத்திச் சேலையோடு போய் நின்றால் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நைலான்தான் வேண்டும். எங்களுக்கு இது நேர் தலைகீழ். பட்டாசுக் கம்பெனிக்கு நைலான் கட்டிக்கொண்டு போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். துணி உரசிப் பொறி தட்டினால் ரூமோடு போக வேண்டியதுதான். அதனால் என் மகள் படித்துப் படித்துச் சொல்லியும் எங்கள் செட்டுப் பெண்கள் அத்தனை பேரும் பருத்தியில்தான் போய் இறங்கினோம். குளத்து வாசலில் ஒருத்தி விசில் ஊதி மறித்தாள்.

"இதென்னடி கூத்து! உசுரோட இருக்கக் கட்டுற சேலையக் கட்டுனா உள்ள விட மாட்டாகளாம்!" என்று நான் கத்தினேன். கடைசியில் வாடகைக்குக் கறுப்பு உடுப்பு வாங்கி மாட்டிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்று சிரித்ததை நினைத்தால் இப்போது என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று வருகிறது.

என் பெயர் அய்யம்மாள். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை ஆளாக நின்று என் மகள் ஓவியாவைக் காலேஜ் வரை படிக்க வைத்தேன். என்னைப்போல அவள் கையில் வெடிமருந்து ஒட்டக் கூடாது, அந்த ஒரு வைராக்கியம்தான். படிப்பு முடிந்ததும் எங்கள் கம்பெனி ஆபீசிலேயே கம்ப்யூட்டர் முன்னால் வேலை கிடைத்தது. ஏசி ரூம், சுழல்கிற நாற்காலி. அந்த ஜன்னல் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவேன். பெருமை எனக்குத் தாங்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின சீசனில்தான் எங்கள் கம்பெனியில் வெடித்தது. மருந்து கலக்கிற சோலைச்சாமி அண்ணன் அன்று மத்தியானம், "வெயில் ஏறிப்போச்சு மொதலாளி, இதுக்கு மேல கலக்க வேண்டாம்" என்று சொன்னார். சின்ன முதலாளி சூர்யபிரகாஷ் வெளியே வேப்பமரத்து நிழலில் நின்றபடி, "லோடு வண்டி காத்துக்கிட்டு நிக்குது. இன்னும் ரெண்டு கலவை போடுங்க. இடம் பத்தலன்னா ஆள நெருக்கி உக்கார வைங்க" என்றார். நான் தண்ணீர் குடிக்கப் பானைப் பக்கம் வந்திருந்தேன். இரண்டு காதாலும் கேட்டேன். செம்பை வைத்துவிட்டுத் திரும்புகிறேன், ரூம் இல்லை. சோலைச்சாமி அண்ணன் போனார், நெருக்கி உட்கார வைத்த மூன்று பெண்களும் போனார்கள்.

மறுநாளே கம்பெனியில் ஒரு கதை கட்டினார்கள். சோலைச்சாமி உள்ளே பீடி பற்றவைத்தாராம். அட பாவிகளா! அந்த மனுஷன் பீடி குடித்து அவர் பெண்டாட்டியே பார்த்ததில்லை. ஆனால் ஊர் நம்பிவிட்டது. செத்துப்போன மூன்று பெண்களின் வீட்டு ஆட்களும் அவர் பெண்டாட்டி பாலம்மாள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினார்கள். தெருக்குழாயில் அவள் குடத்தை வைக்க விடவில்லை. அவள் எனக்கு மதினி முறை. விருதுநகரில் அவளுடைய தம்பி வீட்டோடு போய்விட்டாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அவுக போனது போகட்டும் அய்யம்மா. மூணு உசுரக் குடிச்சவன்னு அவுக பேரு நிக்கக் கூடாது. காதுல கேட்டவ நீ ஒருத்திதான் இருக்க. கேட்டத கேட்டபடி, வெடிச்சத விசாரிக்க வார அதிகாரிகிட்ட சொல்லு, அது போதும் எனக்கு."

"நான் சொல்லாம யாரு மதினி சொல்லுவா?" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அதிகாரி வைக்கும் விசாரணைக்குக் கம்பெனி ஆட்கள் என்றைக்கு வர வேண்டும் என்ற தகவல் கம்பெனி ஆபீசுக்குத்தான் வரும். அதாவது ஓவியா மேசைக்கு. எனக்கு அதைவிட என்ன வேண்டும்? தினமும் அவள் செருப்பைக் கழற்றும் முன்பே, "தேதி வந்துருச்சாட்டி?" என்று கேட்பேன். "வந்தா சொல்ல மாட்டேனாம்மா" என்பாள். பிறகு ஒருநாள், "அடுத்த வாரம் இருக்கும்மா. நானே ஒன்னைய வண்டியில கூட்டிட்டுப் போறேன்" என்றாள். நிம்மதியாகத் தூங்கினேன்.

இதற்கு நடுவில்தான் டூர் பேச்சு வந்தது. தீபாவளி முடிந்து கம்பெனி திறக்குமுன் வருஷா வருஷம் எங்காவது கூட்டிப்போவார்கள். இந்த வருஷம் சாவு விழுந்த கம்பெனி, இருக்காது என்று நினைத்தோம். சின்ன முதலாளியே வந்து, "எல்லாரும் மனசு சரியில்லாம இருக்கீக. கோயம்புத்தூர்ப் பக்கம் பெரிய பார்க் ஒண்ணு இருக்கு, ஒரு நாள் போயி சந்தோஷமா இருந்துட்டு வாங்க" என்றார். நான் வரமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றேன். ஓவியா விடவில்லை.

"நீ வந்தாத்தான் மத்தவுகளும் வருவாகம்மா. எனக்காக வாம்மா. நான் பொறந்ததுலருந்து நம்ம ரெண்டு பேரும் சேந்து எங்கயாச்சும் போயிருக்கமா?"

அது உண்மைதான். அந்தப் பேச்சில் நான் உருகிவிட்டேன். உருகினது மட்டுமா, வீடு வீடாகப் போய் வராதவளையெல்லாம் நானே இழுத்து வந்து பஸ்ஸில் ஏற்றினேன்.

விடியுமுன் பஸ் கிளம்பியது. ஓவியா நடுவில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துகிற டீச்சர் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கேட்டு தொறந்ததும் முன்னால இருக்குற ராட்டினத்துல போயி நிக்காதீக. வார கூட்டம் பூராம் அங்கனதான் நிக்கும். நேரா கடைசிக்குப் போயிட்டு, பின்னாலருந்து ஒண்ணொண்ணா முன்னுக்கு வாங்க, வரிசையில நிக்க வேண்டியதே இல்ல. ஒசரமாப் போறதெல்லாம் காலையிலயே ஏறிருங்க. வயிறு முட்டத் தின்னுட்டு சுத்துறதுல ஏறுனா அம்புட்டும் வெளிய வந்துரும். எல்லாரும் சாப்பிடப் போறதுக்கு முன்னாலயே நம்ம சாப்பிட்டுரணும். தரை கொதிக்கும், செருப்ப எங்கயும் விட்டுறாதீக. கட்டுச்சோத்த உள்ள விட மாட்டாக, பஸ்ஸுலயே தின்னுருங்க. பிள்ளைக கூட்டத்துல விட்டுப்போனா யானைச் சிலைகிட்ட வந்து நிக்கச் சொல்லி வைங்க."

"ஏ அய்யம்மா, ஒம் மக கலெக்டருக்குப் படிச்சிருக்கலாம்ளா" என்று பின்சீட்டிலிருந்து ஒருத்தி சொன்னாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

"முக்கியமானது போன். உள்ள போனதும் லாக்கர்ல வச்சிரணும், தண்ணியில விழுந்தா அம்புட்டுத்தான்" என்றாள் ஓவியா. "அம்மா, மொதல்ல நீ வச்சிரு. ஒன்னையப் பாத்துத்தான் மத்தவுக வைப்பாக."

வைத்தேன். எல்லாரும் வைத்தார்கள். எல்லா லாக்கர் சாவியையும் அவளே வாங்கி ஒரு வளையத்தில் கோத்துக்கொண்டாள். வேறு ஊர்க்காரி என்றால், என் போன் சாவி உன்னிடம் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. தினமும் கம்பெனி கேட்டில் போனைக் கொடுத்துவிட்டு, தீப்பெட்டி இருக்கிறதா என்று மடியைத் தடவிப் பார்க்கக் கொடுத்துவிட்டு உள்ளே போகிற ஜனங்கள் நாங்கள். பார்க் வாசலில் பளபளவென்று ஒரு இரும்புக் கம்பி இருந்தது. எங்கள் பெண்கள் யாரும் சொல்லாமலே ஆளுக்கு ஆள் அதில் உள்ளங்கையை வைத்து எடுத்துவிட்டுப் போனார்கள். ரூமுக்குள் நுழையுமுன் உடம்பு மின்சாரம் இறங்கத் தகட்டைத் தொடுகிற பழக்கம். வாசலில் நின்ற காவலாளி, சாமி கும்பிடுகிறோம் என்று நினைத்துச் சிரித்தான்.

அலையடிக்கிற குளம் ஒன்று இருக்கிறது. ஆனைக்குட்டம் அணையைத் தவிர அத்தனை தண்ணீரை நான் பார்த்ததில்லை. அணையில் தண்ணீர் சும்மா கிடக்கும், இது எழும்பி வந்து முகத்தில் அறைகிறது. முதல் அலையில் குப்புற விழுந்தேன். இரண்டாவது அலையில் நின்றேன். மூன்றாவது அலைக்கு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "வாடி வா!" என்று கூப்பிட்டேன். அப்போது ஓவியா, பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட தன் போனோடு முன்னால் வந்து நின்றாள்.

"ஒம் போன் மட்டும் நனையாதாட்டி?"

"ஆபீஸ் குரூப்புல போட்டோ போடணும்மா. இங்கன பாரு. நல்லாச் சிரிம்மா."

சிரித்தேன். பல் அத்தனையும் தெரியச் சிரித்தேன்.

சாப்பிட்ட பிறகு பாட்டுப் போட்டு மேலேயிருந்து மழை மாதிரித் தண்ணீர் விடுகிற இடத்துக்குப் போனோம். இளவட்டமெல்லாம் குதித்துக்கொண்டிருந்தது. நாங்களும் கையைத் தட்டிக்கொண்டு ஓரத்தில் ஆடினோம். பாட்டு உச்சத்துக்குப் போனபோது மேடையிலிருந்து டமார் என்று ஒரு சத்தம். வண்ணக் காகிதத்தைப் பீய்ச்சி அடிக்கிற குழாயாம் அது. எங்களுக்கு என்ன தெரியும்? எங்கள் ஆட்கள் மொத்தமும் ஒரே நேரத்தில் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டோம். ஒருத்தி தன் பிள்ளையை வயிற்றுக்குக் கீழே அமுக்கிக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் ஏதோ ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். காகிதத் துண்டுகள் எங்கள் முதுகில் வந்து விழுந்தன.

எழுந்து முதுகில் கிடந்த காகிதத்தைத் தட்டிவிட்டேன். பாலம்மா மதினி முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அவள் அங்கே ஒண்டிக்கொண்டு கிடக்கிறாள், நான் இங்கே ஆடிக்கொண்டிருக்கிறேன். சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றியது.

"ஓவியா, லாக்கர் சாவியக் குடு. மதினிக்கு ஒரு போன் போடணும்."

"சாயங்காலம் பேசிக்கலாம்மா."

"ரெண்டு நிமிசம் பேசுறதுக்கு என்னட்டி சாயங்காலம்? குடு."

"லாக்கர் எம்புட்டுத் தூரம் இருக்கு! வா, இன்னும் ஒரு ராட்டினம் பாக்கி இருக்கு."

என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அடித்ததை மறைத்த நாளில், வளையலை உடைத்துவிட்டுப் பூனை மேல் சொன்ன நாளில், இதே மாதிரிதான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு பேசுவாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி வளையத்தைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன். "அம்மா, அம்மா" என்று பின்னாலேயே ஓடி வந்தாள்.

லாக்கரைத் திறந்து போனை எடுத்தால், மதினி கூப்பிட்டிருக்கிறாள், கூப்பிட்டிருக்கிறாள், காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஈரக் கையில் போன் வழுக்கியது. உடுப்பில் துடைத்துவிட்டுப் போட்டேன். மணி அடித்த உடனே எடுத்தாள்.

"மதினி, என்ன மதினி? என்னாச்சு?"

"நல்லா ஆடுனியா அய்யம்மா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"விசாரணை முடிஞ்சிருச்சு. நீ வருவ வருவன்னு அதிகாரி கையக் காலப் புடிச்சுக் கெஞ்சி நிறுத்தி வச்சிருந்தேன். வாசல வாசலப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். கம்பெனி ஆளு வந்து ஒம் போட்டோவ அதிகாரிகிட்ட காட்டுனான். சாட்சி சொல்ல அவுகளுக்கு இஷ்டமில்ல சார், சந்தோசமா டூர் போயிருக்காகன்னான். தண்ணிக்குள்ள கையத் தூக்கிக்கிட்டு அம்புட்டுச் சிரிப்பு சிரிக்க. பக்கத்துல நின்னு நானும் பாத்தேன்."

"ஐயோ மதினி, எனக்குத் தெரியாது! சத்தியமாத் தெரியாது! அடுத்த வாரம்னு..."

"போன வாரமே போன் போட்டுச் சொன்னேனே அய்யம்மா. நீ குளிச்சுக்கிட்டு இருந்த. ஓவியாதான் எடுத்தா. 'அம்மாகிட்ட சொல்லிட்டேன் அத்தை, நானே கூட்டிட்டு வாரேன்'னு மறுபடி அவளே கூப்பிட்டுச் சொன்னாளே."

போனை வைத்துவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். ஓவியா சுவரோடு ஒட்டி நின்றாள். தலையில் இன்னும் சிவப்பும் பச்சையுமாகக் காகிதம் ஒட்டியிருந்தது.

"இன்னைக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"மதினி போன் போட்டாளா?"

"போட்டாக."

ஓங்கி ஒன்று வைத்தேன். லாக்கர் ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆறவில்லை. இன்னொன்று வைத்தேன். அவள் தடுக்கவில்லை, அழவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"சின்ன மொதலாளி கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னாரும்மா. நீ ஒருத்தி போயிச் சொன்னா கம்பெனிக்கு சீல் வச்சிருவாக. இங்கன ஆடிக்கிட்டு இருக்குற அம்புட்டுப் பேர் பொழப்பும் போயிரும். ஒன்னைய இந்தப் பக்கத்துல ஒரு கம்பெனியும் சேக்காது. செத்தவுக திரும்பியா வரப் போறாக? நான் ஒன்னையக் காப்பாத்தத்தாம்மா செஞ்சேன்."

"என்னையவா காப்பாத்துன? ஒன் நாற்காலியக் காப்பாத்துனியா?"

தலையில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஒன்றைப் பிய்த்து எடுத்தாள். பிறகு, "ரெண்டுந்தான்" என்றாள்.

பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பெற்ற பிள்ளை, என் வியர்வையில் வளர்ந்த பிள்ளை, என்னைத் தண்ணீருக்குள் நிறுத்திச் சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். நான் அலையைக் கூப்பிட்ட அதே நேரத்தில் மதினி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஊருக்குத் திரும்பும் வரை முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஓவியா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு விருதுநகர் போனேன். மதினியின் தம்பி வீடு மிளகாய் வத்தல் மண்டிக்குப் பின்னால் இருக்கிறது. தும்மிக்கொண்டே போய் நின்றேன். நடந்ததெல்லாம் சொன்னேன். நம்பினாளா இல்லையா தெரியவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் எனக்கு முன்னாலேயே நடந்தாள்.

விசாரணை நடத்திய அதிகாரியின் ஆபீசுக்குப் போனோம். அவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். நாற்காலி போடச் சொன்னார். பானைப் பக்கம் நின்று கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"இதை நேத்தே வந்து சொல்லியிருக்கணும்மா. எல்லா சாட்சிக்கும் சொல்லியாச்சு, அவங்களாத்தான் வரலன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க."

"எனக்கு யாரும் சொல்லல சார்."

"சும்மா யாரும் சொல்லலன்னா நான் என்ன செய்ய முடியும்? உங்ககிட்ட சொல்ல வேண்டியது யாரு, மறைச்சது யாருன்னு சொல்லுங்க. அப்பதான் மறுபடி விசாரிக்க எனக்கு வழி இருக்கும்."

பெயரைச் சொன்ன மறுநிமிஷம் கம்பெனிக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்தான் மறைத்தாள், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று கையைக் கழுவிவிடுவார்கள். சோலைச்சாமி அண்ணன் தலையில் கட்டின மாதிரியே இவள் தலையிலும் கட்டுவார்கள். அண்ணன் செத்துப்போனார், இவள் உயிரோடு இருந்து படவேண்டும். மதினி என்னைப் பார்க்கவில்லை. மேசைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"எழுதிக்கோங்க சார்" என்றேன். "ஓவியா. கம்பெனி ஆபீசுல இருக்கா. எம் மக."

அதிகாரி பேனாவை எடுத்தவர் நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுதினார்.

"அவங்களா மறைச்சாங்களா, யாராவது சொல்லி மறைச்சாங்களா?"

"சின்ன மொதலாளி சொல்லித்தான் மறைச்சா. எங்கிட்ட அவளே ஒத்துக்கிட்டா."

"உங்ககிட்ட ஒத்துக்கிட்டது போதாதும்மா. அவங்க இங்க வந்து, முதலாளி சொல்லித்தான் செஞ்சேன்னு எங்கிட்ட சொல்லணும். சொன்னா நீங்க சொன்னதும் நிக்கும், இவங்க வீட்டுக்காரர் மேல இருக்குற பழியும் போகும். சொல்லலைன்னா கஷ்டம்தான். உங்க பொண்ணு வந்து சொல்லுவாங்களா?"

மதினி அப்போதுதான் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுவாளா அய்யம்மா?"

ஓவியாவுக்கு எது பிடிக்கும், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள், எதற்குப் பயப்படுவாள், எல்லாம் எனக்குத் தெரியும். இதையே போன வாரம் கேட்டிருந்தால், எம் மகளைப் பற்றி என்னிடமே கேட்கிறாயா என்று சண்டைக்குப் போயிருப்பேன்.

"தெரியல மதினி" என்றேன்.